மரங்கொத்திக்குக் கிடைத்த ஆறு மூச்சு

பிள்ளைகளே, ஒருவர்மேல் எனக்குக் கோபம். பேரைச் சொல்லமாட்டேன், இதைப் படித்தால் அவருக்கே உறைக்கும். பத்து வருஷம் பாடுபட்டு நல்லதொன்றைக் கண்டுபிடித்தார். எங்கள் முன்னால் நின்று ஒரு மணி நேரம் அதைப் பற்றிப் பேசினார். எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. "இந்த ஊருக்கு அறிவு அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் செய்தது தப்பு. எப்படித் தப்பு என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்.

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் தேன் அத்தி மரங்கள் ஏழு இருந்தன. கிளையில் மட்டுமல்ல, அடிமரத்திலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பழுத்தால் காடே மணக்கும். யானை முதல் எறும்பு வரை எல்லோருக்கும் அந்தப் பழம்தான் உயிர்.

எட்டாவதாக இன்னொரு அத்தி மரமும் இருந்தது. அதன் காயை யாரும் வாயில் வைக்க முடியாது. வெறும் சக்கை. கடித்தால் உள்ளிருந்து பொடிப்பொடியாகக் குளவிகள் பறந்து வரும். அதனால் அதற்குச் சக்கை அத்தி என்று பெயர். போதாததற்கு, ஓடைக்குப் போகிற வழியில் குறுக்கே நின்றது. தினமும் அதன் கிளை யானையின் காதைக் கீறும்.

ஒருநாள் யானைக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்கு இந்த மரத்தைத் தள்ளப் போறேன். யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று கேட்டது.

"தள்ளுங்க அண்ணே, பீடை ஒழியட்டும்!" என்று குரங்கு குதித்தது.

"எனக்கு மறுப்பு உண்டு" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. மரங்கொத்தி!

மரங்கொத்தி அந்தக் காட்டின் ஆராய்ச்சிக்காரி. மூன்று மழைக்காலமாக அத்தி மரங்களைத் தவிர வேறெதையும் அவள் பார்த்ததில்லை. கூடு கட்ட மறந்திருக்கிறாள், சாப்பிட மறந்திருக்கிறாள். எந்தக் காய்க்குள் எத்தனை குளவி என்று மட்டும் மறந்ததில்லை. சக்கை அத்தி விழுந்தால் தேன் அத்தியில் பழமே இருக்காது என்று கண்டுபிடித்திருந்தாள். அந்தக் காட்டில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"அப்படியா தங்கச்சி? நாளைக்கு எல்லோர் முன்னாலயும் வந்து பேசு. கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்றது யானை. யானைக்கு அவசரம் உண்டு, அநியாயம் கிடையாது.

மறுநாள் பாறையடியில் காடே கூடியது. பாறையின் நிழல் ஓடையைத் தொடுகிறவரை மரங்கொத்திக்கு நேரம்.

தலைமை காட்டெருமை. எழுந்து தொண்டையைச் செருமியது. "முன்னிலை வகிக்கும் யானையண்ணன் அவர்களே, வரவேற்க வந்திருக்கும் மயிலம்மா அவர்களே, நேரம் ஒதுக்கி வந்த நரியார் அவர்களே…" என்று ஆரம்பித்து, கடைசி வரிசை நத்தை வரை பேர் சொல்லி வணங்கியது. பிறகு மயில் ஒரு வாழ்த்துப் பாட்டுப் பாடியது. கேட்பவர்கள் கைதட்டியதால் இன்னொரு முறையும் பாடியது. யானைக்கு ஒரு மாலை, எருமைக்கு ஒரு மாலை. மாலையை எருமையே தின்றுவிட்டது.

மரங்கொத்தியின் முறை வந்தபோது முக்கால்வாசி நேரம் போயிருந்தது.

மிச்சமிருந்ததையாவது அவள் உருப்படியாகச் செலவழித்தாளா? இல்லை.

"அவையோர்க்கு வணக்கம். உள்நோக்கி மலரும் மஞ்சரிகளில் சூல்தண்டின் நீள வேறுபாடும், அதன்வழி அமையும் பரஸ்பரச் சார்பு வாழ்வும் குறித்து அடியேன் மேற்கொண்ட ஆய்வின் முதற்கட்ட முடிவுகளை, அதற்கு முன் ஆய்வு முறையை, அதற்கும் முன் ஆய்வின் பின்புலத்தை…"

மானுக்குக் கண் செருகியது. முயல் தன் காதையே மடித்துத் தலையணையாக்கிக்கொண்டது. குரங்கு பக்கத்துக் குரங்குக்குப் பேன் பார்த்தது.

ஆனால் முதல் வரிசையில் ஓர் ஓணான் இருந்தது. மரங்கொத்தி என்ன சொன்னாலும் தலையை ஆட்டியது. 'ஆகா, ஒருவருக்காவது புரிகிறதே!' என்று மரங்கொத்திக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஓணானையே பார்த்துப் பேசினாள். எந்தக் கோணத்தில் மரத்தைக் கொத்தினாள், எத்தனை காயைப் பிளந்தாள், ஒரு காய்க்கு எத்தனை நூறு குளவி என்றெல்லாம் அடுக்கினாள். ஓணான் ஆட்டிக்கொண்டே இருந்தது. காற்றடித்தாலும் ஆட்டுகிற தலை அது என்று அவளுக்கு யார் சொல்வது?

நிழல் ஓடையைத் தொட்டது.

"எல்லோருக்கும் புரிந்ததா?" என்றாள்.

பக்கத்தில் இருப்பவருக்குப் புரிந்திருக்கும், நமக்கு மட்டும்தான் மண்டையில் ஏறவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அதைக் காட்டிக்கொள்ள வெட்கம்.

"புரிந்தது!" என்று காடே ஒரே குரலில் சொன்னது.

யானை எழுந்தது. "ரொம்பத் தெளிவாச் சொன்னே தங்கச்சி. ஒரு காய்க்குள்ளே நூற்றுக்கணக்கில் குளவியா! இவ்வளவு மோசம்னு எனக்கே தெரியாது. இனிமே எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே தள்ளிடறேன்."

சொன்ன கையோடு போய் நெற்றியை மரத்தில் வைத்து அழுத்தியது. மண்ணுக்குள் ஒரு வேர் மடக்கென்று முறிந்தது.

"ஐயோ, நிறுத்துங்க அண்ணே!" மரங்கொத்தி அலறிக்கொண்டு பறந்தாள். "நான் சொன்னது அது இல்லை!"

"நீதானே புரிஞ்சுதான்னு கேட்டே? புரிஞ்சுதுன்னு சொன்னோமே!"

இரண்டாவது வேர் முறிந்தது.

அப்போது கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஓர் உறுமல். "எனக்கு ஒரு மண்ணும் புரியலை!"

காட்டுப்பன்றி. கிழங்கு தோண்டி, ஓடைக்கரையில் பண்டமாற்று செய்து பிழைக்கிற ஆள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வெட்கம் மட்டும் எந்த இடத்திலும் இருக்காது.

"அண்ணே, உங்களுக்கும் புரியலை. இந்த எருமைக்கும் புரியலை. தூங்கினவனுக்கு எப்படிப் புரியும்? அந்தப் பொண்ணு என்னமோ சொல்லத் தவிக்குது. இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்க."

"நிழல் ஓடையைத் தொட்டாச்சு. எனக்குத் தாகம்."

"இருபது மூச்சு நேரம் கொடுங்க. நீங்க மூச்சு விட விட நான் எண்ணறேன்."

"மூணு."

"மூணு மூச்சுல ஒரு கொட்டாவிகூட விட முடியாது! பதினஞ்சு."

"நாலு."

"என்ன அண்ணே, ஆள் இவ்வளவு பெரிசு, கொடுக்கிறது இவ்வளவு சின்னதா? பத்து வெச்சுக்கோங்க."

"அஞ்சு. அதுக்கு மேல பேசாதே."

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஆறு!"

யானைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆறு. ஏழாவது மூச்சு விட்டேன்னா மரம் கீழே கிடக்கும்."

பன்றி மரங்கொத்தியிடம் ஓடியது. "யம்மா, ஆறு மூச்சு வாங்கிட்டேன். சொல்லு."

"என் மூன்று மழைக்கால வேலையை ஆறு மூச்சிலா?" மரங்கொத்திக்கு அழுகை வந்தது.

"மூணு மழைக்காலம் உனக்கு. ஆறு மூச்சு எங்களுக்கு. நீ எப்படிக் கொத்தினே, எத்தனை கொத்தினேன்னு நான் எதுக்குக் கேட்கணும்? கிழங்கை விக்கிறவன் குழி தோண்டின கதையையா சொல்வான்? கிழங்கை ஒரு கடி கடிச்சுப் பாருன்னு கையில கொடுப்பான். உன் சரக்கு நல்ல சரக்கு, எனக்குத் தெரியும். நல்ல சரக்கை ஏம்மா மூட்டை கட்டியே வெச்சிருக்கே?"

யானை முதல் மூச்சை விட்டது. "ஒண்ணு!" என்று பன்றி கத்தியது.

மரங்கொத்தி கண்ணீரைச் சிறகில் துடைத்தாள். இந்த முறை ஓணானைப் பார்க்கவில்லை. நேராக யானையின் கண்ணைப் பார்த்தாள்.

"அண்ணே, தேன் அத்தியில நீங்க எப்பவாவது பூ பார்த்திருக்கீங்களா?"

யானை யோசித்தது. "பூவா? பிஞ்சு பார்த்திருக்கேன், பழம் பார்த்திருக்கேன். பூ… பார்த்ததே இல்லையே."

"ரெண்டு!"

மரங்கொத்தி பக்கத்துத் தேன் அத்தியின் அடிமரத்திலிருந்து ஒரு பச்சைப் பிஞ்சைக் கொத்திப் பிளந்து காட்டினாள். உள்ளே, சின்னச் சின்னதாக, வரிசை வரிசையாகப் பூக்கள்.

"அடேயப்பா!" என்று மான் விழித்துக்கொண்டது. குரங்கு பேன் பார்ப்பதை விட்டுவிட்டு முன்னால் வந்தது.

"மூணு!"

"பூ எல்லாம் வீட்டுக்குள்ளே இருக்கு. இதோ, பிஞ்சோட நுனியில இருக்கிற இந்த ஓட்டைதான் வாசல். பூவுக்குப் பூந்தூள் கொண்டுவந்தாத்தான் பிஞ்சு பழமாகும். இந்த வாசல்ல யார் நுழைவீங்க?"

வண்டு வந்து தலையை நுழைத்துப் பார்த்தது. முடியவில்லை. எறும்பு முயன்றது. அதன் தலையும் மாட்டிக்கொண்டது. பன்றிதான் இழுத்து விட்டது. இழுத்துக்கொண்டே "நாலு!" என்றது.

"நுழையத் தெரிஞ்சவள் ஒருத்திதான் இருக்கா. அண்ணே, தும்பிக்கையை நீட்டுங்க."

யானை நீட்டியது. "அஞ்சு!" என்றது பன்றி.

மரங்கொத்தி பறந்துபோய்ச் சக்கை அத்தியிலிருந்து ஒரு காயைப் பறித்து வந்து, தும்பிக்கை நுனிக்கு மேலே வைத்துப் பிளந்தாள். எள்ளில் பாதி அளவு குளவி ஒன்று வெளியே வந்து தும்பிக்கை நுனியில் உட்கார்ந்தது. உடம்பெல்லாம் பூந்தூள்.

"அண்ணே, அசையாதீங்க. நீங்க மூச்சு விட்டா இவள் பறந்து மலைக்கு அந்தப் பக்கம் போயிடுவாள்."

யானை மூச்சை அடக்கிக்கொண்டது.

பன்றி ஆறு சொல்ல வாயைத் திறந்தது. சொல்ல முடியவில்லை. யானை மூச்சு விட்டால்தானே எண்ணுவது! பன்றி மரங்கொத்தியைப் பார்த்தது. மரங்கொத்தி பார்க்காதவள்போல இருந்தாள். 'அடி கெட்டிக்காரி! என்னையே மிஞ்சிட்டியே' என்று பன்றி வாயை மூடிக்கொண்டது.

குளவி சிறகை உலர்த்தியது. மெல்ல எழும்பியது. கூட்டம் முழுக்க அதன் பின்னாலேயே தலையைத் திருப்பியது. நேராகத் தேன் அத்தியின் அடிமரத்துக்குப் போய் ஒரு பிஞ்சில் இறங்கியது. வாசலைத் தேடியது. நெருக்கிக்கொண்டு நுழைந்தது. அதன் இரண்டு சிறகும் ஒடிந்து வாசலிலேயே உதிர்ந்தன.

முயல் அந்தச் சிறகுகளை எட்டிப் பார்த்தது.

"வெளியே எப்படி வரும்?" என்று மெதுவாகக் கேட்டது.

"வராது. தேன் அத்திக்குள்ளே இவளால முட்டையும் வைக்க முடியாது. பூந்தூளைக் கொடுத்துட்டு உள்ளேயே முடிஞ்சுபோவாள். அந்தப் பிஞ்சுதான் நமக்குப் பழமாகும்."

"அப்போ நாங்க இத்தனை நாளா குளவியையா தின்னோம்?" என்று குரங்கு முகத்தைச் சுளித்தது.

"இல்லை. பழமே அவளைக் கரைச்சிடும்."

"அப்படின்னா ஒவ்வொரு பிஞ்சுக்கும் புதுசா ஒருத்தி வரணுமே" என்றது மான். "அவங்க எல்லாரும் எங்கே பிறக்கிறாங்க?"

மரங்கொத்தி தலையைத் திருப்பினாள். சாய்ந்து நின்ற சக்கை அத்தியைப் பார்த்தாள். மானும் பார்த்தது. குரங்கும் பார்த்தது. கடைசியாக யானை பார்த்தது. அடக்கி வைத்த மூச்சு புஸ்ஸென்று வெளியே வந்தது. அதைப் பன்றியும் எண்ணவில்லை.

"இந்த மரத்திலதானா?" என்றது யானை. "இதைத் தள்ளினா குளவி இல்லை. குளவி இல்லேன்னா… அடக் கடவுளே, ஏழு மரத்திலயும் எனக்குப் பழம் இல்லை!"

"புரிந்ததா?" என்று இந்த முறை மரங்கொத்தி கேட்கவில்லை. "அண்ணே, இப்போ என்ன செய்யப் போறீங்க?" என்றுதான் கேட்டாள்.

"செய்யறதா? முறிஞ்ச வேருக்கு மண் அணைக்கணும். ஏய் எருமை, சும்மா நிற்காம வா! நான் நாளையிலேர்ந்து அந்தப் பக்கமாச் சுத்திப் போறேன். காதும் பிழைக்கும்."

பன்றி மூஞ்சியாலேயே மண்ணைத் தள்ளிக் கொடுத்தது. யானை மிதித்துக் கெட்டிப்படுத்தியது. குரங்குகள் கல்லைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தன.

"கொத்தியக்கா, அத்தனை மரம் இருக்கையில அந்தக் குளவிக்குத் தேன் அத்தி எதுன்னு எப்படித் தெரியுது?" என்று மான் கேட்டது.

"தெரியாது" என்றாள் மரங்கொத்தி. "வாசனையா இருக்கலாம்னு தோணுது. இன்னும் பார்க்கலை. அடுத்த மழைக்குப் பார்க்கணும்."

"நாங்களும் வரலாமா?"

மரங்கொத்தி பறந்து வந்து மானின் முதுகில் உட்கார்ந்தாள். மூன்று மழைக்காலத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த பருவத்தில் ஏழு மரமும் காய்த்துக் குலுங்கின. பக்கத்து மலையிலிருந்து ஒரு புது யானை வந்தது. சக்கை அத்தியைப் பார்த்து, "இது எதுக்கு வழியில நிக்குது?" என்று நெற்றியை வைத்தது.

"தொடாதே!" என்று நம் யானை ஓடிவந்தது. "நில்லு, உனக்கு ஒண்ணு காட்டறேன். தும்பிக்கையை நீட்டு. மூச்சு விடாதே!" என்று தொடங்கி, ஒரு காயைப் பிளந்து, ஆரம்பம் முதல் கடைசி வரை தானே சொல்லி முடித்தது. மரங்கொத்தி அப்போது தன் கூட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எழுப்பவே இல்லை.

நீதி: கேட்டவர் அடுத்தவருக்கு எடுத்துச் சொல்ல முடிந்தால்தான் நீ சொன்னது சொன்னதாகும், ஆகையால் எங்களுக்கு அறிவில்லை என்று சொல்லிவிட்டுப் போன ஐயா, திரும்பி வாருங்கள், எங்கள் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்கள், சொல்லி முடிக்காமல் நீங்கள் வைத்துவிட்டுப் போன குறையை இப்போதாவது தீருங்கள்.