பொழியை வெட்டிய நண்டு

ஒரு குட்டை ஆறு. மலையில் பிறந்து, வாழைத் தோப்பையும் வயலையும் தாண்டிக் கடலுக்கு வந்துவிடும். காலையில் மலையில் விழுந்த இலை பொழுது சாய்வதற்குள் கடற்கரைக்கு வந்து சேரும். அவ்வளவுதான் அதன் நீளம். ஆனால் அதை நம்பிப் பிழைத்த உயிர்கள் கொஞ்சநஞ்சமில்லை. மேலே மான் குடித்தது. நடுவே எருமை புரண்டது. கீழே கோரைப்புல்லில் கானாங்கோழி கூடு கட்டியது. கடலோரச் சேற்றில் நண்டு வளை தோண்டியது.

கோடையில் தண்ணீர் குறைந்ததும் கடல் அலை மணலை அள்ளி வந்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். அந்த வாய்க்குப் பொழி என்று பேர். ஐப்பசி மழை பிடித்து ஆறு நிறைந்ததும் மானும் எருமையும் நண்டுமாக எல்லோரும் கூடிப் போய் அந்த மணல் மேட்டை வெட்டிவிடுவார்கள். காலங்காலமாக நடந்து வந்த வழக்கம் அது.

அந்த வருஷம் எங்கோ பெரிய ஆற்றிலிருந்து ஒரு முதலை வந்து சேர்ந்தது. வந்ததும் வராததுமாகப் பெருமை அளக்கத் தொடங்கியது. அதன் ஆற்றில் நின்றால் அக்கரையே தெரியாதாம். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடக் கடலுக்கு விடமாட்டார்களாம்.

"இதெல்லாம் ஒரு ஆறா? இருக்கிற கொஞ்சத் தண்ணியையும் கொண்டுபோய்க் கடல்ல கொட்டுறீங்களே, புத்தி இருக்கா? இந்த வருஷம் பொழியை வெட்டாதீங்க. உங்க ஆறும் பெரிய ஆறாயிடும்" என்றது.

எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. கூத்தைப் பாருங்கள்! பிறந்ததிலிருந்து குடித்து வளர்ந்த தண்ணீர், அதைப் பற்றி அன்றைக்குத்தான் வெட்கம் வந்தது. எருமை தலையாட்டியது. மான் ஆமாம் போட்டது. முதலை மணல் மேட்டில் ஏறிக் காவலுக்குப் படுத்துக்கொண்டது. வெளியே போக வழியில்லாத மீன் எல்லாம் யார் வயிற்றுக்குப் போகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

மடவை மீன் ஒன்று மட்டும் தவித்தது. அதன் வயிறு நிறையச் சினை. மடவை வளர்வது ஆற்றில் என்றாலும் முட்டையிடக் கடலுக்குத்தான் போக வேண்டும். ஆற்றுத் தண்ணீரில் இட்டால் ஒன்றுகூடப் பொரியாது. அது முதலையிடம் போய் வழி கேட்டது. ஒரு மீனுக்காக ஒரு ஆற்றையே வீணாக்குவதா என்று முதலை சிரித்தது.

"கடலுக்குப் போனா வீண்னு யார் சொன்னா? நான் கடல்ல பிறந்தவ. இந்த ஆத்துல இருக்கிற அத்தனை மடவையும் கடல்ல பிறந்து இந்தப் பொழி வழியா வந்ததுதான். எங்க ஆறு குட்டை ஆறாவே இருந்துட்டுப் போகட்டும். அதைப் பெரிசாக்க நீங்க யாரு?" என்றது மடவை.

முதலை வாயைத் திறந்து பாய்ந்தது. மடவை துள்ளித் தப்பியது. ஆனாலும் ஓடி ஒளியவில்லை. மேட்டு ஓரத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

மழை வலுத்தது. ஆறு ஏறியது. கானாங்கோழியின் கூடு முட்டையோடு மூழ்கிப்போனது. எருமையின் மேய்ச்சல் தரை முழுக்கத் தண்ணீர். புல் அழுகி நாறியது. மான் மலைமேல் இருந்ததால் தனக்கென்ன என்று இருந்துவிட்டது. மற்றவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்களே தவிர, முதலையிடம் போய்க் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. பெரிய ஆறு ஆக வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுத்துத்தான் போக வேண்டும் என்று எருமை சமாதானம் சொன்னது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு சொன்ன சமாதானம் அது!

மடவைக்கு வயிறு கனத்து நீந்தவே முடியவில்லை. வளை மூழ்கியதால் மேட்டுக்கு ஏறி வந்திருந்த நண்டு அதைப் பார்த்தது.

"அக்கா, இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

"இன்னைக்கு ஒரு நாள் தாங்கும். அதுக்கு மேல முடியாது."

நண்டுக்கு வந்ததே கோபம்! பட்டப்பகலில், நேராக முதலையின் மூக்குக்கு முன்னால் போய் மணலைத் தோண்டத் தொடங்கியது. மேட்டில் தாழ்வான இடம் அதுதான்.

"என்ன செய்யிறே?" என்று உறுமியது முதலை.

"பார்த்தா தெரியலையா? பொழி வெட்டுறேன்."

முதலை ஒரே கடி. நண்டின் பெரிய கொடுக்கு போய்விட்டது. நண்டு மறு கொடுக்கால் தோண்டியது. கரையில் நின்றவர்கள் பதறிப்போய், உயிரோடு திரும்பி வந்துவிடு என்று கெஞ்சினார்கள்.

"என் கொடுக்கு போனா முளைக்கும். அக்காவோட முட்டை போனா முளைக்குமா? வேடிக்கை பார்க்கிறவங்க பார்த்துக்கிட்டு இருங்க. எனக்கு வேலை இருக்கு" என்றது நண்டு.

எருமைக்குச் சுருக்கென்று தைத்தது. தன் உடம்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்று இப்படிக் கேட்டுவிட்டதே என்று மானம் போனது. தண்ணீரைக் கலக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது. முதலை வாலைச் சுழற்றியது. எருமை கொம்பைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயா, நீங்க உங்க பெரிய ஆத்துக்கே கிளம்புங்க" என்றது. கொம்பைக் கண்டு முதலை மேட்டின் ஓரத்துக்கு ஒதுங்கியது. நண்டு தோண்டிய கோட்டின் மேலேயே குளம்பை அழுத்தி இழுத்தபடி கடல் பக்கம் நடந்தது.

முதலில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் கசிந்தது. பிறகு ஒரு முழம். அதற்கப்புறம் யாரும் தோண்டத் தேவைப்படவில்லை. எருமை நண்டைக் கொம்பில் ஏற்றிக்கொண்டு கரைக்கு ஓடியது. அடைபட்டுக் கிடந்த ஆறு மொத்தமும் கிளம்பி மேட்டைப் பெயர்த்தது. மேட்டோடு சேர்த்து முதலையையும் கடலில் கொண்டுபோய் வீசியது. அலை புரட்டிய புரட்டில் அது எந்தக் கரையில் ஒதுங்கியதோ, யாருக்கும் தெரியாது.

மடவை அந்த வெள்ளத்தோடு போனது. நன்றி சொல்லக்கூட நேரமில்லை. பொழுது சாயும் முன் உப்புத் தண்ணீரில் முட்டையிட்டது. தை பிறந்தபோது பொடிப்பொடியாக மடவைக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகப் பொழி வழியே ஆற்றுக்குள் ஏறின. குட்டை ஆறு கொள்ளாத கூட்டம் அது.

அநியாயத்தின் முன்னால் ஒருவர் துணிந்து கை வைத்தால்தான், வேடிக்கை பார்த்து நின்றவர்களுக்கும் கால் வரும்.