யார் வீட்டு நெருப்பு?

ரொம்ப ரொம்ப வருஷத்துக்கு முன்னாலே, வாகைக்கோட்டை நாட்டை ஏகாம்பர பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை, நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், கால் தரையில் நிற்காது.

ஒருநாள் ஒரு புலவர் வந்தார். “அடுப்பில் எரிவதும் நீ, விளக்கில் சுடர்வதும் நீ, கல்யாணத்துக்குச் சாட்சியாய் நிற்பதும் நீ, வீரன் கண்ணில் சிவப்பதும் நீ, தீயெல்லாம் நீயே பூபதி!” என்று பாடினார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்தில் நின்றவர் சொக்கநாயகம், அரண்மனை அதிகாரி. எதற்கெடுத்தாலும் ராஜா மந்திரி அழகியநம்பியிடம் யோசனை கேட்கிறாரே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே புகைச்சல். இதுதான் சமயம் என்று நைசாகக் குனிந்தார்.

“மகாராஜா, புலவர் வாக்கு பொய்யாகுமா? நாட்டில் எரிகிற தீயெல்லாம் தாங்கள்தான் என்றால், கண்டவன் வீட்டு அடுப்பில் தாங்கள் கிடக்கலாமா?”

நம்பிக்கு வாய் சும்மா இருக்குமா? “மகாராஜா, பசித்தவன் வயிற்றில் எரிவதையும் தீ என்றுதான் சொல்கிறோம். கோபத்தையும் தீ என்கிறோம். அடுத்தவன் நன்றாக இருந்தால் சிலருக்கு வயிறு எரிகிறதே, அதுவும் தங்கள் கணக்கிலா? அப்படியானால் சொக்கநாயகம் வயிற்றில் தாங்கள் பல வருஷமாகக் குடியிருக்கிறீர்கள்!”

சபை கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புதான் வினையாகிப் போயிற்று. ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “உமக்கு எல்லாமே கேலிதான் நம்பி! போடுங்கள் தண்டோரா!” என்று கத்தினார்.

தண்டோரா போட்டார்கள். நாட்டு நெருப்பெல்லாம் ராஜா நெருப்பு. யார் வீட்டிலும் சொந்த நெருப்பு இருக்கக்கூடாது. ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டு, காலையில் அரண்மனை வாசலில் சட்டியோடு நின்று, சொக்கநாயகம் கையால் கங்கு வாங்கிப் போகவேண்டும். மீறினால் சிறை.

அப்புறம் என்ன, ஊர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வரிசை நகர்வதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். வாங்கிய கங்கு வீடு போய்ச் சேருமுன் சாம்பலாகிவிடும். கொல்லன் உலை முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் பழஞ்சோற்றைப் பார்த்தாலே ஓட்டம் பிடித்தன. சொக்கநாயகமோ கையில் இடுக்கியும் முகத்தில் மிடுக்குமாக நின்றார்.

இந்த லட்சணத்தில் நம்பியின் அப்பா திருவேங்கடத்தார் கண்ணை மூடிவிட்டார். பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் எல்லாம் பார்த்த கிழவர், தூக்கத்திலேயே போய்விட்டார். கல்யாணச் சாவு. தப்பட்டைக்காரர்கள் வந்தாயிற்று, பூப்பல்லக்கு கட்டியாயிற்று. கொள்ளிச் சட்டியில் போட நெருப்புதான் இல்லை.

“நம்ம வீட்டு அடுப்பு நெருப்பை எடுத்து, உன் கையாலே எனக்குக் கொள்ளி வைடா. வேறெதுவும் கேட்கமாட்டேன்” என்று கிழவர் எப்போதோ சொல்லியிருந்தார். ஊர் வழக்கமும் அதுதான். இறந்தவர் வீட்டு நெருப்புதான் சுடுகாட்டுக்குப் போகும். அடுத்த வீட்டு நெருப்பில் யாரையும் எரிக்கமாட்டார்கள். அரண்மனையில் கங்கு வாங்கினாலோ அது ராஜா வீட்டு நெருப்பு.

நம்பி அணைந்த அடுப்பின் முன்னால் போய் உட்கார்ந்தார். கேலிபேசி ராஜாவின் ரோஷத்தைக் கிளப்பியதும் தான்தானே என்று மனசு குத்தியது. சட்டென்று எழுந்தார். வெறும் சட்டியைக் கையில் எடுத்தார், நாவிதரையும் அழைத்துக்கொண்டு நேரே அரண்மனைக்குப் போனார்.

“வாருங்கள் மகாராஜா, நேரமாகிறது. அப்பா காத்திருக்கிறார்.”

“எந்த அப்பா?” என்றார் ராஜா.

“நம் அப்பாதான். கொள்ளிக்கு வீட்டு நெருப்புதான் ஆகும். நெருப்போ தங்களுடையது. அப்படியானால் தாங்கள் எங்கள் வீட்டு மூத்த பிள்ளை. நெருப்புக்கு உரியவன் இருக்கும்போது நான் சட்டியைத் தூக்கினால் ராஜ துரோகம் ஆகாதா? நாவிதரே, அண்ணாவுக்கு முதலில் மீசையை எடும், அப்புறம் தலை.”

நாவிதர் கத்தியைத் தீட்டினார். ராஜாவின் கை தானாக மீசைக்குப் போயிற்று.

“சொக்கநாயகம்! நீர்தானே கங்கு கொடுப்பவர்? நீரே போய்க் கொள்ளி வையும்!”

“ஐயையோ, என் அப்பா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார் மகாராஜா! அவர் காதில் விழுந்தால் என்னைக் கொன்றே போடுவார்! நெருப்பு தங்களுடையது, நான் வெறும் இடுக்கி பிடிக்கிற ஆள்!”

“என்னுடையது இல்லை ஓய்!”

“என்னுடையதும் இல்லை!”

“பின்னே யாருடையதுதான்?” என்றார் நம்பி. இப்போது அவர் குரலில் கேலி இல்லை. “மகாராஜா, அப்பா வாசலில் கிடக்கிறார். பிள்ளை நான், வெறும் சட்டியோடு நிற்கிறேன். தாங்கமுடியவில்லை.”

ராஜாவுக்கு முகம் விழுந்துவிட்டது. சிம்மாசனத்தை விட்டு இறங்கிவந்து நம்பியின் தோளைத் தொட்டார். “மூட்டினவன் நெருப்பு மூட்டினவனுக்கே. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். போய் உம் வீட்டு அடுப்பைப் பற்றவையும் நம்பி. உமக்கு என்ன வேண்டுமோ கேளும், தருகிறேன்.”

“கேட்டதைத்தான் கொடுத்துவிட்டீர்களே மகாராஜா.”

“ஓய் சொக்கநாயகம்! ஊதுகுழலை எடும். ஊரில் எந்தெந்த அடுப்பு குளிர்ந்து கிடக்கிறதோ அங்கெல்லாம் போய் உட்கார்ந்து, பற்றுகிறவரைக்கும் ஊதும்!”

சொக்கநாயகம் வீடு வீடாகப் போய் ஊதினார். கண்ணெல்லாம் சிவந்து, மூஞ்சியெல்லாம் கரியாகி, “இன்னும் கொஞ்சம் பலமா ஊதுங்க சாமி” என்று பெண்கள் ஏவ ஏவ ஊதினார்.

அன்று சாயங்காலம் தப்பட்டை அதிர அதிர திருவேங்கடத்தார் கிளம்பினார். நம்பி கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தார். ராஜாவும் செருப்பைக் கழற்றிவிட்டு ஊரோடு ஊராக வந்தார். வழியில் ஓரிடத்தில் சட்டி சற்றே சாய, ராஜா பதறிப்போய்க் கை நீட்டினார்.

“தொட்டுவிடாதீர்கள் மகாராஜா, மீசை போய்விடும்!” என்றார் நம்பி.

ராஜா துள்ளி விலகினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நம்பியும் சிரித்தார். அடக்கமாட்டாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், அன்று முதல்முறையாக, “அப்பா!” என்று வாய்விட்டு அழுதார்.