கணு இல்லாத இடத்தில் ஒரு மேடு

அந்த மலையோரத்து ஊரில் வில் இல்லாத வீட்டுக்குச் சாமை கிடையாது. பன்றி இறங்கும் காடு அது. கதிர் பால் பிடித்ததும் வீட்டுக்கு ஒருவர் வில்லோடு பரண் ஏறிக் காவல் இருக்க வேண்டும். ஏறினால் விளைச்சலில் பங்கு. ஏறாவிட்டால் அந்தப் பங்கு வேறு வீட்டுக்குப் போகும். அப்படிப் போன பங்கு திரும்பி வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

இரவல் வில்லும் செல்லாது. ஏறுகிறவரே செய்திருக்க வேண்டும். ஒரு வில் எவ்வளவு தாங்கும் என்பது செய்தவருக்குத்தான் தெரியும். அதைப் பன்றி எதிரில் நிற்கும்போது தெரிந்துகொள்வதில் பிரயோசனம் இல்லை.

கற்றுக்கொடுப்பவள் பாவாயி. நாற்பது வயது. அதிகம் பேசமாட்டாள், பேசினால் பாதி கிண்டலாக இருக்கும். வருகிறவர்களுக்குப் பிளந்து ஒரு வருசம் காயவைத்த சடச்சி மரக் கட்டை ஏழு தருவாள். எட்டாவது கேட்டால் அடுத்த வருசம் வரச் சொல்லிவிடுவாள்.

வெள்ளிங்கிரி ஐந்தை உடைத்திருந்தார்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது. கீழே சமவெளியில் பாரவண்டி ஓட்டியே ஆயுளில் பாதியைத் தீர்த்தவர். மனைவி போனபின் மகன் நாச்சிமுத்துவோடு இருந்துவிடலாம் என்று மலைக்கு வந்தார். போன ஐப்பசி மழையில் நாச்சிமுத்துவும் காய்ச்சல் கண்டு போய்விட்டான். வீட்டில் மிச்சம் மருமகள் மாராத்தாள், இரண்டு பெண் குழந்தைகள், இவர். மாராத்தாள் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பரண் ஏற வேறு ஆள் இல்லை. இவருக்கு உடம்பில் பலம் இருந்தது. மனசுதான் ஓய்ந்து போயிருந்தது.

பாவாயி வீட்டு முன்னால் நுனி இரண்டாகப் பிரிந்த ஒரு கவைக்கம்பு நட்டிருக்கும். வில்லின் நடுவை அந்தக் கவையில் வைத்து, நாணைக் கயிற்றால் கீழே இழுத்தால், கட்டை எங்கே வளைகிறது, எங்கே விறைத்து நிற்கிறது என்று தெரியும். விறைத்த இடத்தைச் சீவ வேண்டும். மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். வேலை முழுக்க இவ்வளவுதான். இந்த இவ்வளவில் அவருக்கு நாலு மாசம் போயிருந்தது.

ஆறாவது வில் ஒரு முழம்கூட இறங்கவில்லை. சடக்கென்று முறிந்தது.

வெள்ளிங்கிரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பாவாயி வந்து இரண்டு துண்டையும் பொறுக்கினாள். ஆட்டுப்பட்டி வேலியில் இடைவெளி பார்த்துச் செருகினாள். அந்த வேலி முழுக்க உடைந்த வில்தான்.

"இன்னொண்ணு உடச்சீங்கன்னா குட்டி வெளிய வராதுங்கண்ணா," என்றாள்.

அவர் சிரிக்கவில்லை.

"எனக்குக் கை வராதுங்க அம்மிணி. வயசாயிருச்சு."

"நுகத்தடி செதுக்குவீங்களா?"

"முப்பது வருசம் செதுக்கியிருக்கேன்."

"அப்ப கைக்கு ஒண்ணுமில்ல."

"பின்ன எதனால உடையுது?"

பாவாயி வேலிக்குப் போனாள். இப்போது செருகிய துண்டை உருவினாள். அதற்குப் பக்கத்திலிருந்து இன்னொன்றை. இன்னொன்றை. ஆறு துண்டுகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வரிசையாகப் போட்டாள்.

"உடஞ்ச எடத்தப் பாருங்க."

பார்த்தார். ஆறும் ஒரே இடத்தில் முறிந்திருந்தன. கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே. முறிவுக்குப் பக்கத்தில் ஆறிலும் ஒரு சின்ன மேடு.

"இந்த மேடு எதுக்குங்க?"

அவர் கட்டைவிரலால் மேட்டைத் தடவினார்.

"கணு இருந்தா அதச் சுத்தி மரத்த விட்டுருங்கன்னு சொன்னேன். இதுல கணு எங்க?"

"இல்லீங்க."

"ஆறுலயும் இல்ல. மேடு வளையாம மொரண்டு புடிச்சு நிக்குது. வளையற பாரமெல்லாம் பக்கத்துல வந்து விழுது. உடையாம என்ன பண்ணும்?"

"முன்னயே சொல்லியிருக்கலாமுங்களே, அம்மிணி."

"ரெண்டாவதுலயே பாத்துட்டேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

வெள்ளிங்கிரி மடியிலிருந்து ஒரு நூலை எடுத்தார். நீளமான நூல், விட்டு விட்டு முடிச்சுப் போட்டிருந்தது. தினமும் சீவுவதற்கு முன்னால் அவர் ஏன் திரும்பி நின்றுகொள்கிறார் என்பது பாவாயிக்கு இப்போது தெரிந்தது.

"அளவுங்க," என்றார். "ஒரு நல்ல வில்லோட அளவு. எங்க எவ்வளவு கனம்னு முடிஞ்சு வெச்சிருக்கேன்."

"நாச்சிமுத்து வில்லு."

அவர் தலை அசைந்தது.

அந்த ஊரில் ஆள் போனால் அவர் வில்லும் சிதையில் போகும். நாச்சிமுத்துவின் பக்கத்திலும் துணி சுற்றி நீளமாக ஒன்றை வைத்ததை ஊரே பார்த்தது. பாவாயியும் அன்று அங்கே நின்றிருந்தாள். அவனுக்கு வில் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

"துணிக்குள்ள என்னங்க வெச்சீங்க?"

"மூங்கிக் கம்பு."

திட்டுவாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பாவாயி துண்டுகளைத் திரும்ப வேலியில் செருகிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு அத எடுத்துட்டு வாங்க," என்றாள்.

மறுநாள் கொண்டுவந்தார். மகனின் பழைய வேட்டியில் சுற்றியிருந்தது. கூரைக்குள் செருகி ஒரு வருசமாக மறைத்து வைத்திருந்தார். பிரித்ததும் எண்ணெய் மினுமினுத்தது.

பாவாயி விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போனாள். கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே விரல் நின்றது. அங்கே மரத்துக்குள் கறுப்பாக ஒரு கணு. அதைச் சுற்றி மேடு.

"இதோட ஒரு மாசம் சண்ட போட்டான். வேற கட்ட குடுங்கக்கான்னு அழுதான்."

"குடுத்தீங்களா?"

"இல்ல."

சொல்லிக்கொண்டே வில்லைக் கவையில் வைத்தாள். நாண் ஏற்றினாள். கயிற்றில் கை வைத்தாள்.

வெள்ளிங்கிரி எழுந்து ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர்.

"இழுக்காதீங்க அம்மிணி. காஞ்சு கெடக்குது. உடஞ்சுரும்."

"நாண் ஏத்தி எத்தன நாளாச்சு?"

"அவன் போனதுல இருந்து ஏத்தல."

"எண்ணெ?"

"வாரம் ஒருக்கா போடறேன்."

பாவாயி கயிற்றை விட்டாள். நாணை இறக்கி, வில்லை வேட்டியில் சுற்றி, அவர் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தாள்.

அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவன் அளவு தப்புங்களா, அம்மிணி?"

"அவன் எங்கீங்க அளந்தான்? அங்க கணு இருந்துச்சு. விட்டான்."

பட்டியின் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பாவாயி அவர் பக்கம் கையை நீட்டினாள். முடிச்சு நூலைக் கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை. கொடுத்தார். அவள் அதை இரண்டாக மடித்துப் பட்டிக் கதவை வேலியோடு சேர்த்துக் கட்டினாள். ஆடு முட்டியது. கதவு நின்றது.

பிறகு ஏழாவது கட்டையை எடுத்து வந்து போட்டாள்.

அது நேராகவே இல்லை. நடுவில் ஒரு கோணல். கீழ் நுனிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு கணு.

"இதுவா?"

"இதுதான் மிச்சம்."

"நேரான கட்டைங்க ஆறையும் மொதல்ல குடுத்துட்டு..."

"நீங்கதான் பொறுக்கி எடுத்தீங்க."

உண்மைதான். முதல் நாள் கட்டைகளை விரித்துப் போட்டபோது, கூரையில் இருந்த வில்லை மனசில் வைத்துக்கொண்டு அதற்கு ஒத்துவருவதாகப் பார்த்துப் பார்த்து எடுத்தவர் அவரேதான். இது ஒதுக்கிப் போட்டது.

அன்று வீட்டுக்குப் போனபோது அவருக்கு வில்லைத் திரும்பக் கூரையில் செருகத் தெம்பில்லை. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். மாராத்தாள் கூலி முடிந்து வந்தாள். பார்த்தாள். குழந்தையை இறக்கிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.

"இது அவனோட..." என்று ஆரம்பித்தார்.

"தெரியுமுங்க மாமா. வாராவாரம் கூரையில எண்ணெ வாசம் வந்துச்சே."

"ஏம்மா ஒண்ணுஞ் சொல்லல?"

அவள் அடுப்பை ஊதினாள். "எனக்கும் அது இருக்கட்டும்னு இருந்துச்சு," என்றாள்.

அந்த வீட்டில் எல்லோரும் களைத்திருந்தார்கள், குழந்தைகளைத் தவிர.

ஏழாவது கட்டையோடு பதினெட்டு நாள் போனது. அளவு நூல் இல்லாமல் முதல் இரண்டு நாள் அவருக்குக் கத்தி எடுக்கவே பயம். "எங்க சீவட்டும்?" என்று கேட்பார். "இழுத்துப் பாருங்க" என்பாள். இழுப்பார். "எங்க நிக்குது?" என்பாள். காட்டுவார். "அப்பறம் ஏன் என்னயக் கேக்கறீங்க?" என்பாள். ஒரு நாளைக்கு இது நாற்பது தடவை நடக்கும். கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கே அலுத்துப்போகும்.

கோணலை நிமிர்த்தப் பார்த்தார். அது நிமிரவில்லை, விட்டுவிட்டார். கணுவைச் சுற்றி மரத்தை விட்டார். இந்த முறை மேடு கீழே வந்தது. மேல் பாதியில் மேடு இல்லாமல் வழவழவென்று இருப்பதைப் பார்க்க அவருக்கு என்னவோ போலிருந்தது. அடிக்கடி கட்டைவிரல் தானாக அந்த இடத்துக்குப் போய்த் தேடிவிட்டுத் திரும்பும். பாவாயி அதைப் பார்ப்பாள்.

ஒவ்வொரு சாயங்காலமும் மாராத்தாள் கேட்பாள். "ஆச்சுங்களா மாமா?"

"இன்னும் உடையல," என்பார். அந்த வீட்டில் அப்போதைக்கு அதுதான் நல்ல செய்தி.

கதிர் பால் பிடித்தது. பரண் ஏறுகிறவர்கள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வில்லைக் காது வரைக்கும் இழுத்துக் காட்ட வேண்டிய நாள் வந்தது. உடைந்தால் பங்கு போச்சு. இழுக்க மறுத்தாலும் போச்சு. மாராத்தாள் அன்று கூலிக்குப் போகவில்லை. குழந்தைகளோடு ஓரமாக வந்து நின்றாள்.

வெள்ளிங்கிரி வில்லை எடுத்ததும் கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "ஏனுங்க, பாவாயி பட்டி வேலியில புடுங்கிட்டு வந்தீங்களா?"

"அங்க போக வேண்டியதுதானுங்க," என்றார் வெள்ளிங்கிரி. "இன்னும் போகல."

இழுத்தார். மார்பு வரைக்கும் வந்தது. கோணல் இருந்த இடத்தில் மரம் முனகியது. ஆறு தடவை கேட்ட அந்தச் சடக் சத்தத்துக்காக அவர் காது காத்திருந்தது. நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. மாராத்தாள் பக்கம் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, காது வரைக்கும் இழுத்தார். பெரியவர்கள் போதும் என்று கை காட்டும் வரைக்கும் பிடித்தார். மெல்ல இறக்கினார்.

வில் இருந்தது.

பெரியவர்கள் கிழக்குப் பரணைக் கொடுத்தார்கள். அவருக்குச் சந்தோசம் என்று ஒன்றும் வரவில்லை. எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது. மூத்த குழந்தை வந்து வில்லின் மேட்டைத் தொட்டுப் பார்த்தது. அதைப் பார்த்தபோதுதான் கண் கலங்கியது.

பரணுக்குப் போகிற வழியில் பாவாயி வீடு. அவள் பட்டிக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். கதவில் முடிச்சு நூல் அப்படியே இருந்தது, கொஞ்சம் அழுக்கேறி.

"கெழக்குப் பரண் குடுத்துட்டாங்க அம்மிணி."

"அங்கதான் தொந்தரவு சாஸ்தி."

"இந்த வில்லுக்கு அவனோடதுல பாதி வேகங்கூட இல்லீங்க."

"பன்னிக்கு அது தெரியாதுங்கண்ணா."

அவர் போகாமல் நின்றார். தோளில் இருந்த வில்லை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார். கேட்க வேண்டியதை ஒரு வருசமாகக் கேட்காமல் வைத்திருந்தவர், கேட்டார்.

"அவன்கூட அனுப்புனது வெறும் மூங்கிக் கம்பு. வில்ல நாந்தான் வெச்சுக்கிட்டேன். எம்பையன் அங்க வெறுங்கையோட நிக்கறானுங்களே. அதுக்கு நான் என்ன பண்றது?"

பாவாயி கடைசித் தழையையும் போட்டாள். மலைச்சரிவில் சாமைக்காட்டைப் பார்த்தாள். மேலே புதருக்குள் எதுவோ உறுமியது.

"அங்க பன்னி இல்லீங்கண்ணா," என்றாள். "நீங்க ஏறுங்க. பொழுது எறங்குது."