நடுச்சுவரைத் தொடாதவர்கள்

ஊமத்தம்பாடியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்தார்கள். மூன்று பேரும் நலம். வீட்டைப் பற்றித்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாமவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. இருபது வருஷம் பழைய இரும்புக்கடை வைத்திருந்தவர். எதைப் பார்த்தாலும் எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவார். மூத்தவர் என்பதால் அவர்தான் தலைவர். இரண்டாமவர் அவருடைய மைத்துனர் சங்கரபாண்டி. அவர் ஒரு அறைக்குள் நுழைந்தால் அந்த அறையில் விளக்குப் போட வேண்டும், அப்படி ஒரு உடம்பு. மூன்றாமவர் இசக்கிமுத்து. இவர் யோசிப்பவர். மற்ற இரண்டு பேரும் கை வைத்துக் கெடுத்ததை ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். இவர் யோசித்துக் கெடுத்ததை இன்றுவரை யாராலும் சரிசெய்ய முடியவில்லை.

செல்போனில் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி, "பழைய வீட்டை வாங்குங்க, பழுது பாருங்க, வாடகைக்கு விடுங்க" என்று சொன்னதை மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அன்றைக்கே தொழிலதிபர்கள் ஆனார்கள்.

வடக்குத் தெருவில் ஒரு ஓட்டு வீடு பூட்டிக் கிடந்தது. அதை வாங்குவதற்கு முன் செல்போன்காரர் சொன்ன அறிவுரை ஒன்று பாக்கி இருந்தது. மழை நாளில் ஒருமுறை உள்ளே போய் நின்று ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அது அக்கினி நட்சத்திரம். மழைக்கு எங்கே போவது? தண்ணீர் லாரி ஒன்றை வரவழைத்துக் கூரைமேல் குழாயைத் திருப்பிவிட்டார்கள். மூவரும் உள்ளே போய்க் கால்மணி நேரம் நின்றார்கள்.

"மேல ஏதும் விழுந்துச்சாவே?" என்றார் அண்ணாச்சி.

"ஒரு சொட்டு விழல அண்ணாச்சி" என்றார்கள் இருவரும்.

விழாது. மழைக்குள் போகிறோமே என்று மூன்று பேரும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வீடு வாங்கியாயிற்று. யார் வீட்டை வாங்கினால் எனக்கென்ன என்று நானும் இருந்திருப்பேன். ஆனால் அந்த வீட்டின் முன்கூடத்தை வாடகைக்குப் பேசியவர் என் அம்மா. செண்பகவல்லி டீச்சர் என்றால் ஊரில் தெரியும். தையல் பள்ளி நடத்துகிறார். இருந்த கட்டடத்தை அதன் சொந்தக்காரர் இடிக்கப் போகிறார். அம்மாவிடம் படிக்கும் முப்பத்திரண்டு பெண்களுக்கு அரசாங்கத் தையல் தேர்வு, தேதி குறித்தாகிவிட்டது, புதன்கிழமை. அதற்கு முந்தைய திங்கள்கிழமை ஒரு அதிகாரி வந்து பார்ப்பார். கூரை போட்ட கட்டடத்தில் பள்ளி நடந்தால் அது தேர்வு மையம். இல்லையென்றால் முப்பத்திரண்டு பேருக்கும் ஒரு வருஷம் போச்சு.

"வேற இடமே கிடைக்கலியாம்மா?" என்று கேட்டேன்.

"கிடைச்சா இவங்ககிட்ட எதுக்குடி போறேன்?" என்றார் அம்மா.

வேலைக்கு அந்தோணி மேஸ்திரியை அழைத்தார்கள். நல்ல வேலைக்காரர். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வே, எம் மகளுக்குக் கல்யாணம். தூத்துக்குடி போயிட்டு வியாழக்கிழமதான் வருவேன். அதுவரைக்கும் ரெண்டே ரெண்டு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க" என்றார்.

ஒன்று: எல்லா இடத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும். எங்கே உள்ளே வெறுமையாக இருப்பதுபோல் பொள்ளல் சத்தம் கேட்கிறதோ அங்கே பூச்சைக் கொத்திவிட வேண்டும்.

இரண்டு: முன்கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவிலிருக்கும் சுவர். "வீட்டோட பாரம் பூரா இது மேலதான் நிக்கி. இந்தச் சுவர மட்டும் தொடவே கூடாது."

மேஸ்திரி பஸ் ஏறினார். இவர்கள் தட்ட ஆரம்பித்தார்கள்.

சுவரில் நாலு இடத்தில் சத்தம் வந்தது, கொத்தினார்கள். அதுவரை சரி. பிறகு மர அலமாரியைத் தட்டினார்கள். சத்தம் வந்தது, கொத்தினார்கள். கதவைத் தட்டினார்கள், தண்ணீர்ப் பானையைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டினார்கள். அந்த வீட்டுக்காரர் திறந்து வெளியே வந்ததால் அந்தக் கதவு பிழைத்தது. மத்தியானம் ஒரு மணிக்கு இசக்கிமுத்து தற்செயலாகச் சங்கரபாண்டியின் வயிற்றைத் தட்டினார்.

"அண்ணாச்சி, இங்கயும் கேக்கு."

மூவரும் சுத்தியலைப் பார்த்தார்கள். சங்கரபாண்டி மெதுவாக, "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல, அதான்" என்றார். அவரை அனுப்பி எட்டுப் பரோட்டா சாப்பிட வைத்து மறுபடி தட்டினார்கள். கல்லைத் தட்டியது போல இருந்தது.

இசக்கிமுத்து யோசித்தார். "அப்ப கொத்தணும்னு அவசியமில்ல அண்ணாச்சி. ரொப்பினாப் போதும்."

அன்று சாயந்திரம், தட்டினால் சத்தம் வந்த பரண் முழுவதையும் இரண்டு வண்டி மணலால் நிரப்பினார்கள்.

அடுத்தது நடுச்சுவர். அதை யாரும் தொடவில்லை. வெள்ளையடித்தவன் தொடவில்லை. ஒயர் இழுத்தவன் தொடவில்லை. சுவரில் ஏறிய பல்லியை மட்டும் தடுக்க முடியவில்லை. மூவரும் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, அது இறங்கும்வரை "ச்சூ, ச்சூ" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்கள். அடுக்களைக்குப் போகும் வாசல் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. மற்ற இருவரும் மூச்சை இழுத்துப் பிடித்துப் பக்கவாட்டில் போய் வந்தார்கள். சங்கரபாண்டி எப்படி மூச்சை இழுத்தாலும் இடிக்கும். அவர் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் தெருவைச் சுற்றிப் போய், பின்புறக் காம்பவுண்டில் ஏணி வைத்து ஏறி இறங்க வேண்டும்.

இதைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருப்பேனா?

"தொடக்கூடாதுன்னா இடிக்கக்கூடாதுன்னு அர்த்தம், மாமா" என்றேன்.

இசக்கிமுத்து என்னைப் பரிவோடு பார்த்தார். "தாயி, நீ யுனிவர்சிட்டியில படிக்கிற புள்ள. நீயே சொல்லு. மத்த இடத்தக் கொத்துங்கன்னு மேஸ்திரி சொன்னாரா?"

"சொன்னார்."

"அப்ப கொத்துறது, இடிக்கிறது எல்லாம் அவருக்குத் தெரியும். இடிக்கக்கூடாதுன்னா இடிக்கக்கூடாதுன்னே சொல்லியிருப்பாருல்லா? தொடக்கூடாதுன்னு எதுக்குச் சொல்லணும்?"

பட்டிமன்றத்தில் மூன்று முறை பரிசு வாங்கியவள் நான். இன்றுவரை எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லி அனுப்புங்கள்.

திங்கள்கிழமை காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டு தையல் மெஷின்களோடு வண்டி வந்து நின்றது. பின்னாலேயே முப்பத்திரண்டு பெண்கள். வாசலில் அண்ணாச்சியின் இரும்புக்கடை எடைமேடை கிடந்தது. மூவரும் கவலையோடு நின்றார்கள்.

"டீச்சர், ஒரு சங்கடம்" என்றார் அண்ணாச்சி. "வீட்டோட பாரம் பூரா அந்தச் சுவர் மேலதான். ஏற்கனவே அது தாங்குறதே பெருசு. இப்ப நீங்க வேற இத்தன எடையக் கொண்டுட்டு உள்ள போறீங்க."

"அதுக்கு?"

"இசக்கி ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காரு. எம்புட்டு எடை உள்ள போகுதோ அம்புட்டு எடை வெளிய எடுத்துரணும். கணக்கு நேராயிரும்."

"எதை எடுப்பீங்க?"

"கழட்ட லேசா இருக்கது ஓடுதான், டீச்சர். ஒரு ஓடு ரெண்டரைக் கிலோ."

நான் குறுக்கே பாய்ந்தேன். "பரண்ல ரெண்டு வண்டி மணல் இருக்கே! அதை எடுங்களேன்!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இசக்கிமுத்து சொன்னார்: "மணல எடுத்தா மறுபடி சத்தம் வரும்லா, தாயி."

முதல் மெஷின் உள்ளே போனது, பன்னிரண்டு ஓடு வெளியே வந்தது. சங்கரபாண்டி கூரைமேல் இருந்தார். அண்ணாச்சி எடை சொன்னார். இசக்கிமுத்து ஓடுகளைத் தெருவில் அடுக்கினார். மெஷின் முடிந்து பெண்கள் முறை வந்ததும், "ஏறி நில்லும்மா" என்றார் அண்ணாச்சி.

"நடுத்தெருவில் வைத்துப் பெண்களை எடை போடுவீர்களா? எந்த ஊர் நியாயம் இது?" என்று நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. அண்ணாச்சி பயந்துபோனார். "சரி தாயி, அவங்களே வாயால சொல்லட்டும்" என்று இறங்கிவந்தார். பெண்கள் சொன்னார்கள். எல்லோரும் முப்பத்தெட்டுக் கிலோ. இசக்கிமுத்து ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்து, தன் பங்குக்குச் சத்தமில்லாமல் இரண்டு மூன்று ஓடு கூட்டிக்கொண்டார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒன்பதரைக்கு வகுப்பு நிரம்பியது. முன்கூடத்துக்குமேல் நீல வானம் தெரிந்தது.

பத்து மணிக்கு ஆய்வு அதிகாரி குணசீலன் வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா, கையில் ஒரு படிவம். எதையும் விதிப்படியே செய்கிறவர் என்று அம்மா கேள்விப்பட்டிருந்தார். அவர் படியில் கால் வைத்ததும் மேலேயிருந்து, "சார் எத்தன கிலோ?" என்று குரல் வந்தது.

"எண்பத்தஞ்சு. ஏன்?"

முப்பத்துநாலு ஓடு இறங்கியது. அவர் உள்ளே வந்து படிவத்தைப் படித்தார். "வரிசை எண் ஏழு. கூரை உண்டா?" அண்ணாந்து பார்த்தார். ஒரு காக்கை போயிற்று.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "சார், தயவுசெஞ்சு..."

"கூரை உண்டு சார்!" என்றார் இசக்கிமுத்து. "புள்ளைங்க இருக்கப்ப இருக்காது. நீங்க எல்லாரும் வெளிய வந்தாக் காட்டுதோம்."

எல்லோரும் வெளியே வந்தோம். மெஷின்களும் வந்தன. ஓடுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. குணசீலன் நாலு டீ குடித்தார். மத்தியானம் ஒரு மணிக்கு வடக்குத் தெருவிலேயே அழகான கூரை அதுதான். குணசீலன் தெருவில் நின்று பார்த்து, 'உண்டு' என்று எழுதினார்.

"வரிசை எண் எட்டு. கட்டடத்துக்குள் மாணவிகள் எத்தனை பேர்?"

"இந்தா, உள்ள அனுப்பிருதோம்" என்று சங்கரபாண்டி மறுபடி ஏணியில் ஏறினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், கூரையும் மாணவிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டாமா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் யார் வயிற்றில் அடிக்கிறேன் என்று புரிந்தது. அம்மா என் காலை மிதித்தார்.

குணசீலன் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "ஏழு தனி, எட்டு தனி. ஒரே நேரத்தில் என்று எங்கேயும் இல்லையே" என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாதத்தில் தோற்றதற்காக நான் சாமி கும்பிட்டேன்.

நாலு மணிக்கு முப்பத்திரண்டு பெண்களும் வானத்தின் கீழ் உட்கார்ந்திருக்க, குணசீலன் உள்ளே வந்து தலைகளை எண்ணினார். சரியாக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. மேசை இல்லை, மெஷின்கள் மேலெல்லாம் துணி. படிவத்தை நடுச்சுவரில் வைத்து, இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, கையெழுத்துப் போட்டார்.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். சங்கரபாண்டி கூரை விட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை.

"சார்," என்றார் இசக்கிமுத்து, குரலை இறக்கி, "கைய மட்டும் எடுத்துராதீங்க."

"ஏன்?"

"இந்தச் சுவரத் தொடக்கூடாதுன்னு மேஸ்திரி சொல்லியிருக்காரு. நீங்க தொட்டுட்டீங்க. தொட்டபெறவு விடலாமா கூடாதான்னு அவரு சொல்லல. விட்டா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

குணசீலன் யோசித்தார். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. "மேஸ்திரி எப்போது வருவார்?"

"வியாழக்கிழம."

"சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?" என்றார் குணசீலன்.

அவருடைய எடைக்காக எடுத்த முப்பத்துநாலு ஓட்டின் இடைவெளி சரியாக அவர் தலைக்கு மேலேயே இருந்தது. வெயில் படாமல் அண்ணாச்சி தன் வேட்டி ஒன்றைக் குறுக்கே கட்டிக் கொடுத்தார். உட்கார ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள். இரண்டு ஓடு இறங்கியது.

புதன்கிழமை தேர்வு நடந்தது. அனுமதிப் படிவம் தேர்வு நாளில் மையத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. இருந்தது. குணசீலனின் உள்ளங்கைக்கும் சுவருக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது. தேர்வு மேற்பார்வையும் குணசீலனுக்குத்தான்; மேற்பார்வை அதிகாரி ஒரு நிமிஷம்கூட இடத்தைவிட்டு அகலக் கூடாது என்பது இன்னொரு விதி. அந்த மாவட்டத்திலேயே அதை முழுதாகக் கடைப்பிடித்த மையம் எங்களுடையதுதான். முப்பத்திரண்டு பேரும் ரவிக்கை தைத்து முடித்தார்கள். வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. அம்மா வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அழுதார், சிரித்தார்.

வியாழக்கிழமை அந்தோணி மேஸ்திரி கல்யாணப் பலகாரப் பையோடு நேரே வீட்டுக்கு வந்தார். தெருவில் அடுக்கியிருந்த ஓடுகளைப் பார்த்தார். உள்ளே வந்து வானத்தைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று நாள் தாடியோடு உட்கார்ந்திருந்த அதிகாரியைப் பார்த்தார்.

"மேஸ்திரி, நாங்க மூணு பேரும் தொடவே இல்ல" என்றார் அண்ணாச்சி முதல் வேலையாக.

மேஸ்திரி பையைக் கீழே வைத்தார். "ஐயா, கையை எடுங்க. ஒண்ணும் ஆகாது" என்றார்.

குணசீலன் தலையை ஆட்டினார். "வாய்மொழியாகச் சொன்னால் செல்லாது. எழுதிக் கொடுங்கள்."

மேஸ்திரிக்கு வாதாடத் தெம்பில்லை. பலகாரம் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். மேசை இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். இல்லை. காகிதத்தை நடுச்சுவரில் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்து, 'கையை எடுக்கலாம்' என்று எழுத ஆரம்பித்தார்.

"ஐயையோ மேஸ்திரி!" என்று பதறினார் இசக்கிமுத்து. "அண்ணாச்சி, இன்னொரு வேட்டி கொண்டாங்க!"