கரன்ட் மீட்டரை முட்டிய கார்

அநியாயம் நடந்தது நிறைமதிக்கு. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு மதுரையில், மதியம் இரண்டு மணிக்கு. திண்டுக்கல்லிலிருந்து காரில் கொண்டுபோய் விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்த அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் அன்று காலை அந்தக் காரை வீட்டுக் கூடத்துக்குள் ஏற்றிவிட்டார்கள்.

காரணம் க்ரூஸ் கன்ட்ரோல் ஸ்விட்ச். நாலுவழிச் சாலையில் அதை அமுக்கிவிட்டால், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி ஒரே வேகத்தில் போகும். அது வேலை செய்கிறதா என்று பெரியப்பா தங்கமாரியப்பனுக்குத் திடீர்ச் சந்தேகம். பிரேக் பிடிக்கிறது, ஸ்டியரிங் திரும்புகிறது, அது போதும் என்று ஒரு பாட்டம் வாதாடிவிட்டுத்தான் நிறைமதி ஆய்வேட்டை வாங்க பைண்டிங் கடைக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் மெக்கானிக்குக்குப் போன் பறந்தது. ரோட்டுக்கெல்லாம் போக வேண்டாம், வீட்டிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள் என்றார் அந்த மனிதர். பாவம், அவர் நினைத்தது ஒயரைத் தொட்டுப் பார்க்கும் கையடக்க மீட்டரை.

வீட்டில் இருந்த ஒரே மீட்டர், கூடத்துச் சுவரில் இருந்த கரன்ட் மீட்டர்.

அதைக் கழற்றிக் காருக்குக் கொண்டுபோகலாம் என்றார் சித்தப்பா. சீல் உடைந்தால் ஈ.பி.காரன் சும்மா விடமாட்டான் என்றார் அப்பா. கண்ணை மூடி யோசித்த பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்:

"மீட்டருக்குத்தானே சீல் இருக்கு? காருக்கு இல்லையே."

கதவு போயிற்று, நிலை போயிற்று, இருபுறமும் ஒன்றரை முழம் சுவரும் போயிற்று.

கடைக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு நிறைமதி வந்தபோது, காரின் மூக்கு மீட்டரை முட்டிக்கொண்டிருந்தது. வயிறு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. உள்ளே பெரியப்பா சோதனையில் இருந்தார்.

"அமுக்கிட்டேன். காலையும் எடுத்துட்டேன். வேகம் குறையுதா பாரு."

"முன்ன எவ்வளவுண்ணே?"

"பூஜ்யம்."

சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "இப்பவும் பூஜ்யந்தாண்ணே. இம்மியும் குறையல."

மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மணி பன்னிரண்டு. ஐந்து வருட உழைப்பைக் கையில் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற நிறைமதி அப்பாவிடம் திரும்பினாள்.

"இது இங்க செருகிக் கிடக்கு. நான் எப்படிப்பா போறது?"

இவ்வளவு படித்த பிள்ளைக்கு இதுகூடவா விளங்கவில்லை என்று அப்பா இரக்கத்தோடு பார்த்தார்.

"நீ முன்னால பஸ்ல போம்மா. க்ரூஸ்ல போட்டாச்சு, வண்டி தானா பின்னாலயே வந்துரும். என்ன, அதுக்கு வழி தெரியாது. நீ ஜன்னலோரமா உட்காரு."