இரண்டாம் தடவை விஷம்

"ராஜா முன்கோபி, மந்திரி கோள்மூட்டி, எல்லாம் சரி. ஆனா விஷக் கிண்ணத்தை ராணி கையில கொடுத்தது அந்தத் தாதிதானே!"

நாடகம் முடிந்தும் ஜமீன்தார் மருதப்ப பூபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு இதையேதான் சொன்னார். ராஜாவையும் மந்திரியையும் மன்னித்துவிட்டாராம். அவர்கள் பெரிய மனிதர்களாம். தாதி வேஷம் கட்டின பூங்காவனத்தை மட்டும் கம்பெனியை விட்டே துரத்த வேண்டுமாம். நடந்தது நாடகம் என்று அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? நாடக வாத்தியாரோ தலையாட்டத் தயாராகிவிட்டார்.

பிழைப்பே போகிறது என்றதும் பூங்காவனம் முன்னால் வந்து கும்பிட்டாள்.

"குத்தம் என்னுதுதாங்க, எஜமான். ஒரே ஒரு சந்தேகம். முதல் தடவை ராஜா உத்தரவு போட்டாரு, கொடுத்தேன். ராணி செத்தாச்சு, திரையும் விழுந்தாச்சு. அப்புறம் முன் வரிசையிலேருந்து 'ஒன்ஸ்மோர்!'னு கத்தினது யாருங்க? செத்தவளை எழுப்பி உட்கார வச்சு, மறுபடியும் விஷம் கொடுத்தேனே, அது யார் உத்தரவு?"

கொட்டகையே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ஜமீன்தார் மீசையைத் தடவினார், தொண்டையைச் செருமினார்.

"சரி, சரி, தாதி இருந்துட்டுப் போகட்டும்" என்றவர், திரைப் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார். "ராணியம்மா, என்னை மன்னிச்சுட்டதா ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

திரைக்குப் பின்னால் ராணியம்மா, இரண்டு தடவை செத்த களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.