ஒத்திகை பார்க்காத இடம்

மாலைக் கல்லூரியில் எம்.ஏ. வகுப்புக்கு அந்த ஆங்கில நாவலை நடத்தியவர் எப்சிபா மேடம். வயது முப்பதுதான். படிக்க வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. ஆவுடையப்பனுக்கு நரைக்கவும் முடி மிச்சமில்லை. பகலில் தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கதை. சாக வேண்டியவன் ஒருவன் சிறையில் கிடக்கிறான். அவனை அச்சில் வார்த்த மாதிரி இன்னொருவன். அவன் உள்ளே போகிறான், உடுப்பை மாற்றுகிறான், கைதியை மயக்கி வெளியே தூக்கிப்போக வைக்கிறான். பிறகு கைதியின் பெயரில் தன் தலையைக் கொடுக்கிறான். போகும்போது முகம் தெளிவாக இருந்ததாம். பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அதைப் படித்த நாளிலிருந்து ஆவுடையப்பன் தரையில் நிற்கவில்லை.

“கொஞ்சம்கூடக் கலங்காம எப்படிப் போனான் மேடம்?”

மேடம் புத்தகத்தை மூடினார். கடைசிப் பகுதியை ஆண்டு விழாவில் தமிழ் நாடகமாகப் போடலாம் என்றார். அவ்வளவுதான்.

உயிரைக் கொடுப்பவன் வேஷம் ஆவுடையப்பனுக்குக் கிடைத்தது. காப்பாற்றப்படுகிற கைதி, மரியசிலுவை. இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஒரே வழுக்கை, ஒரே மீசை. ஒருத்தர் வந்தாலே இரண்டு பேருக்கும் அட்டெண்டென்ஸ் போட்டுவிடலாம் என்று வகுப்பே கேலி செய்யும். கைதிக்கு வசனம் கிடையாது. திரை விலகும்போதே மயங்கிக் கிடப்பான், இரண்டு பேர் தூக்கிப்போவார்கள். மற்றதெல்லாம் ஆவுடையப்பன் பேசுவது.

அவர் மொட்டைமாடியில் பேசினார், குளியலறையில் பேசினார், ஆபீஸில் ஃபைலைப் பார்த்துப் பேசினார். பள்ளிக்கூடத்திலிருந்தே மேடை ஆசை. ஒரு தடவைகூட ஏறியதில்லை. விழா அன்று ஆபீஸே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தது. நடுவில் அவர் மனைவி, பட்டுப்புடவையில்.

திரைக்குப் பின்னால் ஒரே அமளி. தெர்மோகோலில் செய்த தலைவெட்டும் எந்திரம் ஒரு பக்கம் சாய்ந்தது. நாலு பேர் பிடித்தார்கள். நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆவுடையப்பன் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

திரையிடுக்கில் எட்டிப் பார்த்த மரியசிலுவை அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்கப்பா வந்திருக்காரு அண்ணாச்சி. தங்கச்சி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கா.”

“வரட்டுமே. நல்லதுதான?”

“அவருக்குக் கண்ணு தெரியாது. நான் மேடையில பேசுறதைக் கேக்கணும்னு தூத்துக்குடியிலருந்து பஸ்ஸேறி வந்திருக்காரு.”

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. “உமக்கு வசனமே இல்லையேய்யா.”

“அதை அவர்ட்ட சொல்லல.”

மேடம் பக்கத்தில் நின்றிருந்தார். வசனம் தெரியுமா என்று மரியசிலுவையிடம் கேட்டார். ஒத்திகை முழுக்கக் கண்ணை மூடிப் படுத்துக் கேட்டதுதானே, முழுசும் மனப்பாடம் என்றார் அவர். வேஷத்தை மாற்றித் தரும்படி அவர் கேட்கவில்லை. வெளியே மைக்கில் வரவேற்புரை முடிந்துகொண்டிருந்தது.

மேடம் கைதியின் வெள்ளைச் சட்டையை எடுத்து ஆவுடையப்பன் முன்னால் நீட்டினார்.

“உடுப்பு மாத்துற இடத்தை நாம ஒத்திகையே பாக்கல சார்.”

ஆவுடையப்பன் சட்டையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கோட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

திரை விலகியது. அவர் மயங்கிக் கிடந்தார். தூக்கியவர்களில் ஒருவன், “என்ன கனம் கனக்கீரு அண்ணாச்சி,” என்று காதில் முனகினான். மேடைக்குப் பின்னால் இறக்கிவிட்டுப் போனார்கள். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தன் வசனத்தை இன்னொருவன் பேசுவதைக் கேட்டார். நன்றாகவே பேசினான். அதுதான் தாங்கவில்லை.

எந்திரம் இறங்கியது. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். தாலுகா ஆபீஸ் எழுந்து நின்று விசிலடித்தது. மரியசிலுவை ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“முகத்துல ஒரு சுளிப்புகூட இல்லாம கழட்டிக் கொடுத்தீங்களே அண்ணாச்சி. எவ்வளவு தெளிவா இருந்தீங்க.”

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்க்க ஓடினார்.

மேடம் வெள்ளைச் சட்டையை வாங்க வந்தார். ஆவுடையப்பன் அதைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“என் வீட்டுக்காரி அவனை நான்னு நினைச்சுக் கைதட்டுறா மேடம்.”

“ம்.”

“கதையில அவன் தெளிவாப் போனான். எனக்கு உள்ளே பத்திக்கிட்டு எரியுதே.”

“தெளிவா இருந்தான்னு பாத்தவங்க சொன்னாங்க,” என்றார் மேடம். “அவன்கிட்ட யாரும் கேக்கல.”